மாக்சிமா மட்டி பாறையில் நிற்க மறுக்கிறது

கேள்வி: என் 200 லிட்டர் கடல்நீர்ப் பவளத் தொட்டிக்கு மாக்சிமா மட்டி (ராட்சத மட்டிகளில் ஒரு வகை) வந்து நான்கு நாள் ஆகிறது. பாறை உச்சியில் வைக்கிறேன். விடிந்து பார்த்தால் மணலில் கிடக்கிறது. பசை வைத்து ஒட்டிவிடலாமா?

பதில்: பசை வேண்டவே வேண்டாம்! ஓட்டின் அடியிலுள்ள துளை வழியாக நூலிழைகளை விட்டுத்தான் அது பாறையைப் பற்றுகிறது. உள்ளங்கை அகலக் கல்லின் மேல் அமர்த்தி, இருபுறமும் சிறு கற்களை அண்டைகொடுங்கள். பிடித்ததும் கல்லோடு சேர்த்து மேலே, வெளிச்சத்துக்குக் கொண்டுபோகலாம். ஒட்டிக்கொண்ட மட்டியை மட்டும் இழுக்காதீர்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு இழுத்தேன். அடித்தசை கிழிந்து, ஒரே வாரத்தில் இறந்துபோனது. மனம் இன்னும் ஆறவில்லை.

இன்னொருவர்: இரவில் டார்ச் அடித்து ஓட்டின் விளிம்பைப் பாருங்கள். அரிசி மணி போன்ற வெள்ளை நத்தைகள் தெரிந்தால், அவை மட்டியின் சாற்றை உறிஞ்சுபவை.

கேட்டவர்: ஏழு நத்தைகள் இருந்தன! தொட்டி நீரில் கால்சியமும் லிட்டருக்கு 360 மில்லிகிராம்தான்.

பதில்: பழைய பல்துலக்கியால் முட்டைகளோடு தேய்த்தெடுங்கள், தினமும் பாருங்கள். கால்சியத்தைச் சில நாட்களில் மெல்ல 420க்கு உயர்த்துங்கள். ஓடு வளர அது வேண்டும்.