"ஊட்டுல கேட்டுச் சொல்றேனுங்க"

கோபி வாய்க்கால்:

எங்கள் பக்கம் யாரும் நேராக வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். புரியவில்லை என்பதை அதைவிடச் சொல்ல மாட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்தான்: "ஊட்டுல கேட்டுச் சொல்றேனுங்க." என் அம்மா இதையே ஒரு வாட்டர் பியூரிஃபையர் கம்பெனிக்கு நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் வீட்டில் கேட்பதற்கு ஆளே இல்லை. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது.

தீபாவளிக்குப் போனபோது ஃபிரிட்ஜ் மேல் அந்தக் கம்பெனி கொடுத்த அட்டையைப் பார்த்தேன். வருஷக் காண்ட்ராக்ட் திட்டங்கள் மொத்தம் ஏழு. ஒன்றில் ஃபில்டர் உண்டு, உப்பைப் பிரிக்கிற மெம்பரேன் கிடையாது. இன்னொன்றில் மெம்பரேன் உண்டு, மோட்டார் கிடையாது. எல்லாம் உண்டு என்று சொன்ன திட்டத்தின் அடியில் எறும்பு எழுத்தில் 'எலக்ட்ரிக்கல் பாகங்கள் நீங்கலாக'. படித்த எனக்கே தலை சுற்றியது. அம்மா அதன் ஓரத்தில் பால் கணக்கு எழுதி வைத்திருந்தார்.

சரி என்று பக்கத்துத் தெருவில் சர்வீஸ் பார்க்கும் தம்பியை வரச் சொன்னேன். அவர் கேட்டது இரண்டே கேள்வி. "போர் தண்ணிங்களா, குழாய்த் தண்ணிங்களா? எத்தனை பேர் குடிக்கறீங்க?" அப்புறம் சட்டைப் பையிலிருந்து, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற, பேனா மாதிரி இருந்த டிடிஎஸ் மீட்டரை எடுத்து ஒரு டம்ளர் போர் தண்ணீரில் விட்டார். 1180. மெஷினில் பிடித்த தண்ணீரில் 420.

"நல்ல மெம்பரேனா இருந்தா இதை நூத்துச் சொச்சத்துக்குக் கொண்டாந்திருக்கோணுமுங்க அம்மா. அது தேஞ்சு போச்சு. ஆனா பயப்பட வேண்டாம், 500 வரைக்கும் குடிக்கலாம்னுதான் ஐஎஸ்ஐ கணக்கு. இப்பவே மாத்தறதுன்னாலும் சரி, பொங்கல் கழிச்சுன்னாலும் சரி. ஒத்தை ஆளுக்கு வருஷக் காண்ட்ராக்ட் வேண்டாமுங்க."

அம்மா யாரிடமும் கேட்டுச் சொல்லவில்லை. நேராகப் போய் அரிசி டப்பாவில் கைவிட்டுப் பணத்தை எடுத்து வந்தார்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். ஏமாந்த கதையும் வரட்டும்.

பனியன் தூசு, திருப்பூர்:

ஏமாந்த கதை என்னிடம் இருக்கிறது. ஏசி சரியாகக் குளிரவில்லை என்று ஒரு சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டேன். அந்தப் பெண் மூச்சு விடாமல் அடுக்கினார்: டிரை சர்வீஸ், வெட் சர்வீஸ், ஜெட், ஃபோம் ஜெட், கேஸ் டாப் அப், துருப் பிடிக்காத கோட்டிங். எது வேண்டும் சார்? எனக்கு எப்படித் தெரியும்? டாக்டரிடம் போனால் எந்த மாத்திரை வேண்டும் என்றா கேட்கிறார்? தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, இருப்பதிலேயே விலை கூடியதைச் சொல்லிவிட்டேன். கேஸும் ஏற்றினார்கள். மூன்றே மாதத்தில் பழைய குருடி கதவைத் திறடி.

அடுத்து வந்தவர் எங்கள் நிட்டிங் கம்பெனியில் மெஷின் பார்க்கும் அண்ணனுக்குத் தெரிந்தவர். வந்ததும் மூடியைத் தூக்கி ஃபில்டரை உருவினார். பஞ்சுத் தூசு போர்வை மாதிரி கழன்று வந்தது. கீழே நிட்டிங், மேலே வீடு, வேறென்ன ஆகும். "கேஸ் என்ன பெட்ரோலுங்களா, ஓட ஓடத் தீர்றதுக்கு? அது செம்புக் குழாய்க்குள்ளயேதான் சுத்துது. குறைஞ்சிருந்தா எங்கயோ லீக்குன்னு அர்த்தம். லீக்கைப் பார்க்காம ஏத்தினா ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தற மாதிரிதானுங்க." மீட்டர் வைத்துப் பார்த்தார், கேஸ் சரியாகவே இருந்தது. மாதம் ஒருமுறை நானே ஃபில்டரைக் கழுவிப் போட வேண்டும், கோடைக்கு முன்னால் தண்ணீர் அடித்துக் கழுவுகிற வெட் சர்வீஸ் ஒன்று. அவ்வளவுதான் சொன்னார்.

பழைய ஸ்பேனர், ஈரோடு:

நான் விற்கிற பக்கத்து ஆள். சோலார் ஹீட்டர் மாட்டுகிறேன், சர்வீஸும் பார்க்கிறேன். நானும் அட்டை அடித்தவன்தான். பதினான்கு வரி! நிறையக் காட்டினால் பெரிய கடை என்று நினைப்பார்கள் என்று ஓர் எண்ணம். போகிற வீட்டிலெல்லாம் காபி கிடைத்தது, ஆர்டர் கிடைக்கவில்லை. "மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்றேனுங்க", "பையன் பெங்களூர்ல இருந்து வரட்டுமுங்க." எனக்கும் வெகு நாள் அவர்கள் விலைக்குத் தயங்குகிறார்கள் என்றுதான் தோன்றியது.

இப்போதெல்லாம் அட்டையை வண்டியிலேயே விட்டுவிட்டு, தண்ணீர் காய வைக்கிற பாத்திரத்தைக் காட்டச் சொல்கிறேன். அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் பாதிக் கேள்வி தீர்ந்தது. அந்த உப்புத் தண்ணீருக்குத் தகடு மாடல் ஆகாது. அதில் ஓடுவது சன்னமான செம்புக் குழாய், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் மாடல் தாக்குப்பிடிக்கும். பாத்திரம் சுத்தமாக இருந்தால் இரண்டில் எதுவும் ஆகும். அப்புறம் எத்தனை பேர் குளிக்கிறார்கள், தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. துண்டுச் சீட்டில் இரண்டு வரி கையால் எழுதி, நான் சொல்வதற்கு நேராக ஒரு டிக். அச்சடித்த அட்டையில் பால் கணக்கு ஏறுகிறது, கையெழுத்துச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைக்கிறார்கள்.

ஒரு சங்கடம் உண்டு. விலை குறைந்ததற்கு டிக் போட்டால் சில வீட்டில் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

ஆழியாறு காத்து, பொள்ளாச்சி:

எல்லோரும் சுருக்கிச் சொன்னவரைப் புகழ்கிறீர்கள். சுருக்கிச் சொன்னதால்தான் நான் ஏமாந்தேன். எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) காலத்து ஓட்டு வீடு. ஒரு நிலவுக்காலில் கரையான் ஏறிவிட்டது. மருந்து அடிக்க வந்தவர் இரண்டே வழிதான் சொன்னார்: வீடு முழுக்க அடித்தால் ஒரு வருஷக் கேரண்டி, முழுக்க ஓட்டை போட்டு மருந்து இறக்கினால் ஐந்து வருஷம். தேங்காய் லோடு ஏறுகிற அவசரம். எவ்வளவு சுலபம் என்று ஐந்து வருஷத்துக்குத் தலையாட்டிவிட்டேன்.

அந்த ஒரு கதவோரம் மட்டும் பார்க்கலாம் என்று மூன்றாவது வழி இருந்திருக்கிறது. அதை அவர் வாயே திறக்கவில்லை. மழைக்குச் சுவர் ஊறினால் கேரண்டி செல்லாது என்பதையும் பேப்பரில்தான் பார்த்தேன், அதுவும் மறுவருஷம். ஓட்டு வீட்டில் சுவர் ஊறாமல் இருக்குமா? இப்போது யார் வந்தாலும் கடைசியில் ஒன்று கேட்கிறேன்: "இதுல நீங்க சொல்லாம உட்டது என்னங்க?" பாதிப் பேர் முகம் மாறுகிறது.

பழைய ஸ்பேனர், ஈரோடு:

அம்மணி கேட்டது நியாயமுங்க. இனிமேல் சீட்டின் பின்பக்கம், எதை விட்டேன், ஏன் விட்டேன் என்று எழுதிக் கொடுத்துப் பார்க்கிறேன். நேற்று பவானியில் ஒரு வீட்டில் அப்படிக் கொடுத்தேன். அந்தப் பெரியவர் முன்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்பக்கத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "எப்ப மாட்டறீங்க?" என்றார்.

கோபி வாய்க்கால்:

அம்மாவுக்கு அதே கம்பெனியிலிருந்து புது அட்டை வந்திருக்கிறதாம். இந்தத் தடவை ஒன்பது திட்டம். தூக்கிப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். "பழசுல எடம் பத்தலை கண்ணு, இதுல கார்த்திகை வரைக்கும் பால் கணக்கு எழுதலாம்" என்கிறார்.