கோத்தகிரியில் இடி விழுந்து கம்ப்யூட்டர் போய்விட்டது. புதிதாக என்னென்ன பாகம் வாங்கலாம்?

கோத்தகிரி ஸ்டுடியோ:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன், கல்யாண ஆல்பம் டிசைன் என்று எல்லாமே ஒரே கம்ப்யூட்டரில்தான். 2012ல் அசெம்பிள் செய்தது. ஐ5-2400 ப்ராசஸர், எச்61 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் எங்கேயோ இடி விழுந்து கரண்ட் போனது. திரும்பி வந்த பிறகு பட்டனை அழுத்தினால் ஃபேன்கூடச் சுற்றவில்லை. யுபிஎஸ் மட்டும் ஓடுகிறது.

கையில் 45,000 ரூபாய் இருக்கிறது. மானிட்டர், கீபோர்டு நன்றாக இருக்கின்றன. நான் போட்டு வைத்த லிஸ்ட்: ஐ5-12400எஃப், எச்610 போர்டு, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (உள்ளே இருக்கிற பவர் சப்ளை) சேர்ந்தே வருகிற கேபினட், பழைய 2 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று. பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே இதில் மாட்டிக்கொள்ளலாம் என்று யோசனை.

ஆவணியில் எடுத்த இரண்டு கல்யாணத்தின் ஆல்பம் இன்னும் கொடுக்கவில்லை. படங்கள் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கின்றன, மெமரி கார்டை அழித்துவிட்டேன். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. லிஸ்ட் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கோவை சர்வீஸ்:

அண்ணா, லிஸ்ட் அப்புறம். முதலில் டிஸ்க். தயவுசெய்து அதைப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் இனி ஒரு தடவைகூட மாட்டாதீர்கள். இடியில் அடிபட்ட சப்ளை 12 வோல்ட் லைனில் என்ன அனுப்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

டிஸ்க்கைக் கழற்றி, அதை யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இணைக்கிற சாட்டா–யுஎஸ்பி அடாப்டரில் போட்டுப் பாருங்கள். பெரிய 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பி போர்ட்டில் 5 வோல்ட்தான் கிடைக்கும். அதனால் தனியாகப் பவர் அடாப்டரோடு வருவதை வாங்குங்கள். சுற்றுகிற சத்தம் கேட்டு, லேப்டாப்பில் டிரைவ் தெரிந்தால், வேறெதுவும் செய்யாமல் இரண்டு கல்யாண ஃபோல்டரையும் வெளியே காப்பி எடுத்துவிடுங்கள். டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் அதற்குப் பிறகு.

சுற்றவே இல்லையென்றாலும் மனம் விடவேண்டாம். டிஸ்க்கின் அடியில் உள்ள பச்சை போர்டில் மின்னழுத்தத்தைத் தாங்கும் டையோடு ஒன்று இருக்கும். பல சமயம் அது தன் உயிரைக் கொடுத்து உள்ளே இருப்பதைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அதே மாடலில் வேறொரு போர்டை வாங்கி மாற்றிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அந்த போர்டின் சிப்பிலேயே இருப்பதால் வெறுமனே மாற்றினால் வேலை செய்யாது. டேட்டா எடுத்துத் தருபவரிடம் கொடுங்கள்.

ஆல்பம் டிசைனர், ஈரோடு:

நானும் இதே தொழில்தான், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். லிஸ்ட்டில் பணம் இடம் மாறிப் போயிருக்கிறது.

ஆல்பத்தில் 12-க்கு 36 இன்ச் ஷீட் ஒன்றை 300 டிபிஐயில் (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) திறந்தால் 3600-க்கு 10800 பிக்சல். கிட்டத்தட்ட 3 கோடியே 89 லட்சம் பிக்சல். ஒரு பிக்சலுக்கு 3 பைட் என்றால் ஒரு லேயருக்கே 116 எம்பி ஆகிறது. பத்து படம், பின்னணி, நிழல், பார்டர் என்று 20 லேயர் வந்தாலே 2 ஜிபியைத் தாண்டும். அதற்கு மேல் போட்டோஷாப் வைத்துக்கொள்ளும் ஹிஸ்டரி வேறு. 8 ஜிபி ராமில் இதைச் செய்தால் மீதியை டிஸ்க்கில் எழுதி எழுதித்தான் ஓட்டும், நீங்கள் மணல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். 16 ஜிபிக்குக் கீழே இறங்கவே வேண்டாம்.

அடுத்தது அந்த 'எஃப்' எழுத்து. இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. உங்களுடைய பழைய கார்டு என்றைக்குப் படுத்துக்கொள்கிறதோ அன்றைக்குக் கடையும் படுத்துக்கொள்ளும். எஃப் இல்லாத ஐ5-12400 வாங்குங்கள். 6 கோர், 12 த்ரெட், உள்ளேயே கிராஃபிக்ஸ். ஆல்பம் வேலைக்கு அது போதும், கார்டுக்கு வைத்த காசை ராமில் போடலாம். ஏஎம்டியின் ரைசன் பக்கம் போனால் 5600ஜி-யும் நல்ல சாமான், அதிலும் கிராஃபிக்ஸ் உள்ளேயே வருகிறது. இரண்டில் உங்கள் ஊரில் எதற்கு போர்டு சுலபமாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

எச்610 போர்டில் டிடிஆர்4 போடுவதும் உண்டு, டிடிஆர்5 போடுவதும் உண்டு. பெட்டியைப் பார்த்து வாங்குங்கள், ஒன்றின் ராம் இன்னொன்றில் உட்காராது.

குன்னூர் தம்பி:

ஒரு சந்தேகம். எஸ்எம்பிஎஸ், மிஞ்சினால் போர்டு, இவைதானே போயிருக்கும்? புது எஸ்எம்பிஎஸ்ஸும் பழைய மார்க்கெட்டில் ஒரு எச்61 போர்டும் வாங்கிப் போட்டால் ஆறேழாயிரத்தில் முடியுமே?

கோவை சர்வீஸ்:

முடியலாம் தம்பி. டெஸ்ட் செய்வதற்காக ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதில் தப்பே இல்லை. மதர்போர்டுக்குப் போகிற 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் கறுப்பையும் இணைத்துப் பழையதில் ஃபேன் சுற்றினால் 'எஸ்எம்பிஎஸ் நல்லது' என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அது தப்பு. ஃபேன் சுற்றும், லோடு வந்தால் 12 வோல்ட் சரிந்துவிடும்.

ஆனால் அந்த மெஷினில் காசு போடச் சொல்ல எனக்கு மனமில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும், அண்ணனுடையது இரண்டாம் தலைமுறை. பழைய மார்க்கெட் எச்61 போர்டு என்றால் அதுவும் பத்து வருடத்துக்கு மேல் ஓடிய போர்டாகத்தான் இருக்கும். தினம் வாடிக்கையாளர் வந்து நிற்கிற கடைக்கு அது வேண்டாம்.

கோத்தகிரி ஸ்டுடியோ:

ரொம்ப நன்றி. டிஸ்க் அடாப்டருக்கு இன்று சொல்லிவிட்டேன். எஃப் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, நல்லவேளை கேட்டேன்.

இன்னொன்று, சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை. பழைய கேபினட்டின் பின்பக்க ஸ்க்ரூவைத் தொட்டால் சில நாள் விரலில் சுள்ளென்று இருக்கும். குளிருக்கு வருகிற ஸ்டாட்டிக் என்று விட்டுவிட்டேன். ஆறு மாதம் முன்னால் மழையின்போது லேன் போர்ட்டும் செத்தது. எதிர்க் கடையிலிருந்து ஒயர் இழுத்து நெட் எடுத்திருந்தேன்.

ஊட்டி ஒயர்மேன்:

தம்பி, ஒரு சாமானும் வாங்காதீங்க. நில்லுங்க.

அது ஸ்டாட்டிக் இல்லை. ஸ்டாட்டிக் ஒரு தடவை பட்டென்று அடித்துவிட்டுப் போய்விடும், தொடும்போதெல்லாம் சுள்ளென்று இருக்காது. உங்கள் கடைக்கு எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு கெப்பாசிட்டர், ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு இணைத்திருப்பார்கள். எர்த் ஒயர் இருந்தால் அந்தச் சின்னக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட், கேபினட் மேலேயே உட்கார்ந்திருக்கும். கரண்ட் ரொம்பக் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு நிற்கிறது. ஆனால் உள்ளே எஸ்எம்பிஎஸ்ஸில் ஏதாவது ஷார்ட் ஆனால் முழு ஃபேஸும் பாடிக்கு வந்துவிடும். ஈரத் தரையில் நின்று தொட்டால் ஆளையே கொன்றுவிடும்.

ஸ்பைக் கார்டு (மின்னழுத்தம் திடீரென்று ஏறினால் காக்கிற பிளக் பெட்டி) வைத்தவர்கள் எல்லாம் கேளுங்கள். அதற்குள் இருக்கிற பாதுகாப்பில் பாதி, அதிகமாக வருகிற மின்சாரத்தை எர்த்துக்குத் தள்ளிவிடுவதுதான். எர்த்தே இல்லாத சாக்கெட்டில் அது தள்ள இடம் எங்கே? நம் ஊரில் பழைய லைன் கட்டடங்களில் மூன்று ஓட்டை சாக்கெட் வைத்து இரண்டே ஒயர் இழுத்திருப்பதை எத்தனையோ பார்த்துவிட்டேன். மலை என்பதால் எர்த் கம்பியை இறக்கினால் பாறை தட்டும், 'மண் எப்போதும் ஈரம்தானே' என்று பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். பாறை மேல் ஓரடி ஈர மண் இருந்தால் அது எர்த் ஆகாது. மண் ஆழமாக இருக்கிற இடம் பார்த்துப் புதைக்க வேண்டும், கட்டடத்திலிருந்து பத்தடி தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடுங்கள், நீங்களே சாக்கெட்டைத் திறக்கவேண்டாம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் காட்டவேண்டும். மீட்டர் மட்டும் போதாது, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 100 வாட் பல்பு போட்டால் பளிச்சென்று எரியவேண்டும். கசிவு வந்தால் கரண்டை வெட்டிவிடுகிற ஆர்சிசிபி இருந்தால் அந்தப் பல்பு டெஸ்ட்டில் ட்ரிப் ஆகும், பயப்பட வேண்டாம், அதன் வேலையே அதுதான்.

அந்த லேன் ஒயரையும் கழற்றிவிடுங்கள். இரண்டு கட்டடத்துக்கு நடுவே திறந்தவெளியில் செம்புக் கம்பி போனால் இடி பக்கத்தில் விழுந்தாலே அதில் மின்னழுத்தம் ஏறும். வைஃபை போதும், இல்லையென்றால் ஃபைபர்.

கொடைக்கானல் அக்கா:

ஒயர்மேன் அண்ணா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு டிவி போன பிறகுதான் எர்த்தைப் பார்த்தோம்.

என் பங்குக்கு ஈரம். தம்பி, லென்ஸில் பூஞ்சை வரக்கூடாது என்று சிலிக்கா ஜெல் போட்டு டப்பாவில் வைத்திருப்பீர்கள் இல்லையா? கம்ப்யூட்டரைத் தரையில், சுவரை ஒட்டி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஓதம் முதலில் ஏறுவதே அங்கேதான். ஒரு ஸ்டூல் மேல் ஏற்றி, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். மூட்டம் போட்டிருக்கும் நாட்களில் கடை லீவு என்றாலும் தினம் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், அதன் சொந்தச் சூட்டிலேயே உலர்ந்துவிடும். கீழேயிருந்து பாகங்களைக் கொண்டுவந்ததும் ஒரு ராத்திரி பெட்டியோடு அறையில் இருக்கட்டும், மறுநாள் பிரித்து மாட்டுங்கள்.

குளிருக்குப் பயப்படவேண்டாம். இந்த உயரத்தில் காற்று கடல் மட்டத்தைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு லேசு, அதனால் ஃபேன் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும்தான். ஆனால் அறையின் குளிர்ச்சி அதை ஈடுகட்டிவிடுகிறது, ப்ராசஸரோடு வருகிற கூலரே போதும். ஹார்ட் டிஸ்க்கின் ஹெட் காற்றில் மிதப்பதால் அதற்கு உயர வரம்பு உண்டு, சுமார் 3,000 மீட்டர். தொட்டபெட்டாவே 2,637தான், அதனால் கவலை இல்லை.

ஆல்பம் டிசைனர், ஈரோடு:

கேபினட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ்ஸை எடுக்காதீர்கள். தனியாக 450 வாட், மின்சிக்கனத்துக்கான 80 ப்ளஸ் 'ப்ரோன்ஸ்' (வெண்கல) முத்திரை உள்ளது போதும், கார்டு இல்லாத இந்த மெஷின் 200 வாட்டைத் தொடவே தொடாது. ராம் 8+8 ஜோடியாகப் போடுங்கள், உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸுக்கு வேகம் கிடைக்கும்.

கோவை சர்வீஸ்:

அதில் மட்டும் எனக்கு வேறு கருத்து. எச்610-ல் ராம் ஸ்லாட் இரண்டே இரண்டு. 16-ல் ஒற்றையாகப் போட்டால் பின்னால் இன்னொரு 16 சேர்த்து 32 ஆக்கலாம். 8+8 போட்டால் அன்றைக்கு இரண்டையும் கழற்றிப் போடவேண்டும். 2025 கடைசியில் ராம் விலை ஏறிய வேகத்தைப் பார்த்த பிறகு, வாங்கியதை வீணாக்க மனம் வரமாட்டேன் என்கிறது. ஆல்பத்துக்கு வேகத்தைவிட அளவுதான் பெரிது.

யுபிஎஸ்ஸையும் ஒரு தடவை பாருங்கள் அண்ணா. பேட்டரி மாற்றி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் புதிது போடுங்கள். புது எஸ்எம்பிஎஸ் வந்ததும் மெஷின் ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். சின்ன யுபிஎஸ்கள் தரும் படிக்கட்டு அலை சில எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒத்துவராமல் அணைந்துவிடும். அப்படியானால் கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

கோத்தகிரி ஸ்டுடியோ:

பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஒயர்மேன் அண்ணன் சொன்னது அப்படியே உண்மை. சாக்கெட்டைத் திறந்தால் மேல் ஓட்டையில் ஒயரே இல்லை. கட்டடத்துக்குப் பின்னால் தேயிலைச் செடி ஓரமாக மண் ஆழம் பார்த்துக் கம்பி இறக்கி, கடை வரைக்கும் பச்சை ஒயர் இழுத்தாயிற்று. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 1.6 வோல்ட். பல்பு முழு வெளிச்சம். இதற்கு ஆன செலவில் எஸ்எஸ்டியை 500 ஜிபிக்கு மேல் ஏற்ற முடியவில்லை, வருத்தமில்லை.

ஐ5-12400, டிடிஆர்4 எச்610, ஒற்றை 16 ஜிபி, தனி எஸ்எம்பிஎஸ். கோவை போய் வாங்கி வந்து ஒரு ராத்திரி வைத்திருந்து மாட்டினேன். விண்டோஸ் 11 முதலில் டிபிஎம் (அது கேட்கிற பாதுகாப்பு வசதி) இல்லை என்றது, பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்கில்) அதை ஆன் செய்ததும் ஏறிவிட்டது. பிளக்கைப் பிடுங்கியும் பார்த்தேன், அணையவில்லை. ஸ்க்ரூவைத் தொட்டால் இப்போது ஒன்றுமே இல்லை.

டிஸ்க் அடாப்டரில் சுற்றியது. இரண்டு ஃபோல்டரும் முழுசாக வந்துவிட்டன, இரண்டு இடத்தில் காப்பி வைத்திருக்கிறேன். முதல் ஆல்பம் நேற்றுப் பிரிண்டுக்குப் போய்விட்டது. இரண்டாவதில் 14 ஷீட் பாக்கி.