ஷேக்ஸ்பியர் வசனச் சுற்று: அடுத்த வரியைக் கேட்பதா, ஆளையும் இடத்தையும் கேட்பதா?

நெய்தலோன்: கல்லூரி வினாடி வினாவில் வசனச் சுற்று வைத்தால், நாடகத்தின் பெயரும் அடுத்த வரியும் சொன்னவருக்கு முழு மதிப்பெண் தரலாம். யார் யாரிடம் பேசினார் என்றெல்லாம் நோண்டினால் சுற்று இழுத்துக்கொண்டே போகும்.

கூத்துக்காரி: அடுத்த வரி வெறும் மனப்பாடம். 'உனக்கு நீ உண்மையாக இரு' என்பதையே எடுங்கள். 'ஹாம்லெட்' முதல் அங்கம், மூன்றாம் காட்சி. பிரான்ஸுக்குப் புறப்படும் மகன் லேயர்ட்டீஸிடம் பொலோனியஸ் சொல்வது. இரண்டாம் அங்கம் தொடங்கியதுமே, பாரிஸில் பிள்ளை எப்படி நடந்துகொள்கிறான் என்று வேவு பார்க்க அதே அப்பா ரெய்னால்டோவை அனுப்புகிறார். அவன்மேல் சின்னச் சின்னப் பழிகளைப் போட்டு மற்றவர்கள் வாயைக் கிளறச் சொல்லிக்கொடுக்கிறார். இது தெரியாமல் அந்த வரியைப் பொன்மொழியாகச் சுவரில் மாட்டுகிறார்கள்!

நெய்தலோன்: சரி, சொல் துல்லியம் வேண்டாமா? 'மெக்பெத்' சூனியக்காரிகள் வரியைப் பலர் 'பபிள், பபிள்' என்று தொடங்குகிறார்கள். மூலம் 'டபிள், டபிள், டாயில் அண்ட் ட்ரபிள்'. 'பபிள்' அடுத்த அடியின் கடைசிச் சொல். அதேபோல், கடைசிச் சண்டையில் மெக்பெத் 'லே ஆன், மெக்டஃப்' என்று அடிக்கத்தான் கூப்பிடுகிறான். 'லீட் ஆன்' என்று மாற்றினால், முன்னே நடந்து வழிகாட்டச் சொன்னதாகிவிடும். அடுத்த வரியைக் கேட்டால் இப்படிப்பட்ட பிழைகள் அங்கேயே மாட்டும்.

திரைச்சீலை: காதால் கண்டுபிடிக்கவும் வழியுண்டு. 'ஜூலியஸ் சீசர்' மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி. 'ரோமன்ஸ், கன்ட்ரிமென், அண்ட் லவர்ஸ்' என்று முதலில் பேசுபவன் புரூட்டஸ், அது உரைநடை. பிறகு 'ஃப்ரெண்ட்ஸ், ரோமன்ஸ், கன்ட்ரிமென்' என்று வருபவன் ஆன்டனி, அது செய்யுள். தொடர்ந்து நாலு வரி மேசையில் தட்டிப் பாருங்கள். ஆன்டனி பேச்சில் அடிக்கு ஐந்து அழுத்தம் விழும், புரூட்டஸ் பேச்சில் தாளம் நிற்காது. சூனியக்காரிகளுக்கு அடிக்கு நான்குதான், அதுவும் அழுத்தத்தோடு தொடங்கும்.

கூத்துக்காரி: நல்ல உத்தி. ஆனாலும் இடம் தெரியாவிட்டால் படக் கேள்வியில் தடுக்கும். மண்டையோட்டைக் கையில் பிடித்த ஹாம்லெட் படத்தைக் காட்டினால், பாதிப் பேர் 'டு பி, ஆர் நாட் டு பி' என்பார்கள். அந்தப் பேச்சு மூன்றாம் அங்கம், முதல் காட்சி. அங்கே மண்டையோடே கிடையாது. அது ஐந்தாம் அங்கத்து இடுகாட்டில், விதூஷகன் யோரிக்குடையது.

'அடுத்து என்ன நடக்கிறது' என்று கேளுங்கள். 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் 'உலகமே ஒரு மேடை' பேச்சை, பல்லும் கண்ணும் ருசியும் போன முதுமையில் கொண்டுபோய் முடிக்கிறான் ஜேக்வஸ். உடனே இளைஞன் ஆர்லாண்டோ, தன் வயதான வேலைக்காரன் ஆடமைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறான். 'வயோதிகரை இறக்கிவை, சாப்பிடட்டும்' என்கிறார், நாடு கடத்தப்பட்டுக் காட்டில் வாழும் பிரபு. முதுமையில் ஒன்றுமே மிஞ்சாது என்றவன் முன்னாலேயே ஒரு முதியவருக்கு இந்த மரியாதை. இதைச் சொல்பவருக்குத்தான் நாடகம் தெரியும்.

நெய்தலோன்: அந்தக் கேள்வியைச் சேர்க்கச் சம்மதம். பத்தில் நாடகத்துக்கு 2, பேசுபவருக்கு 2, அடுத்த நிகழ்வுக்கு 3. சொல் மாறாமல் அடுத்த வரி சொல்பவருக்கு மீதி 3. அதை விட்டுத்தர மாட்டேன்.

கூத்துக்காரி: அதில் ஒன்றை யாரிடம் சொன்னார் என்பதற்குக் கொடுங்கள்.