கான்கிரீட் தூசி, ஜாக்ஹாமர் வேலைக்கு ஸ்மார்ட்வாட்ச் தாங்குமா?

டர்பன்_செல்வா:
வணக்கம். தம்பிக்கு ஒரு வாட்ச் வாங்க வேண்டும். அவனுக்குக் கான்கிரீட் வெட்டுவது, ஜாக்ஹாமர், ஆங்கிள் கிரைண்டர் என்று வேலை. நாள் முழுக்க சிமெண்ட் தூசியும் வியர்வையும்தான். பெட்டியில் "ஐபி68, 5 ஏடிஎம், மில்-எஸ்டிடி-810" என்று போட்டிருக்கிறான். நம்பலாமா? இதயத்துடிப்பு சரியாகக் காட்டுமா? அடுத்த வருடம் ம்புமலங்கா மாகாணப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனாலும் போவான்.

கல்லுளி:
ஐபி68-இல் 6தான் தூசிக்கு, 8 தண்ணீருக்கு. அந்தத் தூசிச் சோதனையைச் செய்வது டால்கம் பவுடரில். மோஸ் கடினத்தன்மை அளவில் (1 மிக மென்மை, 10 மிகக் கடினம்) டால்க் 1, கான்கிரீட் வெட்டும்போது பறக்கும் குவார்ட்ஸ் என்ற மணல் கனிமம் 7. ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்க மணல்மேடுகளில் இருந்து ஆகஸ்ட் காற்றில் வருவதும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். தூசி உள்ளே நுழைகிறதா என்பதை மட்டும்தான் அந்தச் சோதனை சொல்லும். கண்ணாடியைத் தேய்க்குமா, பட்டனை இறுக்குமா என்பதெல்லாம் அதில் வராது.

மில்-எஸ்டிடி-810 என்பது அமெரிக்க ராணுவத் தரம், ஆனால் ஒரே பரீட்சை இல்லை. பல சோதனைகள் அடங்கிய தொகுப்பு, எதைச் செய்வது என்று கம்பெனியே தேர்ந்தெடுக்கலாம். எந்தச் சோதனை என்று எழுதியிருந்தால் மதிப்பு உண்டு, சும்மா எண் மட்டும் இருந்தால் அது விளம்பரம்.

சஃபையர் கண்ணாடி மோஸ் 9, குவார்ட்ஸால் கீற முடியாது. ஆனால் கம்பியில் ஓங்கி அடிபட்டால் விரியும். சாதாரண கண்ணாடி என்றால் டெம்பர்டு கிளாஸ் ஒட்டுங்கள். கிரைண்டர் பொறி சூட்டோடு பட்டால் புள்ளி புள்ளியாகப் பதிந்துவிடும், பிறகு தேய்த்தாலும் போகாது. பதிவது மேலே ஒட்டியதில் என்றால் உரித்துப் போட்டுவிடலாம்.

அலுமினிய உடல் வேண்டாம். ஈர சிமெண்டின் பிஹெச் 12–13, அதாவது கடும் காரம், அலுமினியத்தை அரிக்கும். கார்மின் இன்ஸ்டின்க்ட் மாதிரி பிளாஸ்டிக் உடல், கண்ணாடியைவிட உயர்ந்த விளிம்பு, கையுறையோடு அமுக்கக்கூடிய பட்டன், இவை இருந்தால் போதும்.

மணல்வாரி:
அண்ணன் சொன்னதோடு துடைக்கும் முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வியர்வையில் கலந்த சிமெண்ட் பட்டன் இடுக்கில் இறுகினால் பட்டன் அமுங்காது, அமுங்கினால் திரும்பி வராது. ஆகவே இறுகும் முன், அன்றன்றே கழுவ வேண்டும். ஸ்ட்ராப்பைக் கழற்றி, வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஒவ்வொரு பட்டனையும் பத்துத் தடவை அமுக்குங்கள். மென்மையான பல்துலக்கும் பிரஷ் போதும். பாரோமீட்டர் (காற்றழுத்தம் அளக்கும் கருவி) துளையில் ஊசி விடக் கூடாது. துணியால் துடைப்பது கடைசியில்தான். தூசியோடு துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கணக்கு.

சார்ஜ் முனைகள் நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜரில் வையுங்கள். வியர்வை உப்போடு மின்சாரம் ஓடினால் முனை அரித்துக் கருத்துவிடும்.

டர்பன்_செல்வா:
சைட்டில் கம்ப்ரஸர் இருக்கிறது. ஊதி விட்டால் ஆகாதா?

மணல்வாரி:
கூடவே கூடாது தம்பி. அந்த அழுத்தம் தூசியை ரப்பர் சீலைத் தாண்டி உள்ளே தள்ளும், மைக் துளையின் சவ்வையும் கிழிக்கும். பிரஷர் வாஷரும் அப்படித்தான். 5 ஏடிஎம் என்பது அசையாத தண்ணீரின் அழுத்தம் (காற்றழுத்தத்தைப் போல ஐந்து மடங்கு), பீய்ச்சும் தண்ணீருக்கு அது பொருந்தாது.

நாடிபார்ப்பவன்:
இதயத்துடிப்பு: வாட்சின் அடியில் உள்ள பச்சை வெளிச்சம் தோலுக்குள் ஓடும் ரத்தத்தின் ஏற்ற இறக்கத்தைப் படிக்கிறது. ஜாக்ஹாமரை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டில் ரத்த ஓட்டம் மாறும், அதிர்வு வேறு சேரும். எண் தாறுமாறாக வரும், நடந்த காலடிகளின் கணக்கும் பொய்யாக ஏறும். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, நகராத அளவுக்குக் கட்டினால் ஓரளவு தேறும். துல்லியம் வேண்டுமானால் மார்பில் கட்டித் துடிப்பை அளக்கும் பட்டைதான். விழுந்தால் அழைக்கும் வசதி இருந்தால், பலத்த அதிர்வில் தவறாக எழுப்பலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

துணி ஸ்ட்ராப் வேண்டாம், சிமெண்டை உறிஞ்சித் தோலோடு வைத்துப் புண்ணாக்கும். சிலிகோன் ஸ்ட்ராப் போடுங்கள், சாப்பாட்டு நேரத்தில் கழற்றிக் கையையும் கழுவட்டும்.

கல்லுளி:
சுரங்க விஷயம் விட்டுப்போச்சு. நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் இருக்கும். வெடிவாயு உள்ள இடத்துக்கான சான்று பெறாத மின்கருவி எதையும், வாட்ச் ஆனாலும், கேட்காமல் கீழே கொண்டுபோகக் கூடாது. ஐபி, மில் எண்களுக்கும் அந்தச் சான்றுக்கும் சம்பந்தமே இல்லை. வாங்கும் முன் அந்தச் சுரங்கத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டுவிடுங்கள். சுழலும் டிரில், கன்வேயர் பக்கத்திலும் கழற்றிப் பையில் போடச் சொல்லுங்கள். ஸ்ட்ராப் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும்.