முதுகுநோக்கு: ‘தேர்ட் பேர்சன்’ என்பதற்கு ஒரு சொல்

அன்பின் நண்பர்களுக்கு,

திரையில் நாம் இயக்கும் உருவத்தைப் பின்னாலிருந்து பார்த்தபடி சுட்டு ஆடும் கணினி விளையாட்டு வகை ‘தேர்ட் பேர்சன் ஷூட்டர்’. நம் சொற்பட்டியலில் அதை ‘மூன்றாம் ஆள் சூட்டு விளையாட்டு’ என்று எழுதி முடித்துவிடலாம் என வாழைச்சேனை நண்பர் நேற்று எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. தமிழில் மூன்றாம் ஆள் என்றால் அந்நியர். ‘மூன்றாம் ஆள் காதில் விழக்கூடாது’ என்றுதானே வீட்டில் சொல்கிறோம்? திரையில் நாம் நடத்திச் செல்லும் உருவம் நமக்கு அந்நியம் இல்லை.

கல்முனை ஆசிரியை முன்வைத்த ‘படர்க்கை நோக்கு’ இதைவிட நல்ல சொல். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று நம் இலக்கணத்திலேயே அதற்கு வேர் இருக்கிறது. அதற்கு ஆதரவாக எழுதத்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கல்லடியில் அக்கா வீட்டுக்குப் போனபோது மருமகன் பழைய ‘எம்டிகே’ விளையாடிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது.

ஷைனி எண்டர்டெயின்மென்ட் உருவாக்கி 1997இல் வந்த விளையாட்டு அது. நகரங்களை நசுக்கிக்கொண்டு ஊர்ந்துவரும் மாபெரும் சுரங்க இயந்திரங்களை எதிர்த்து இறங்குபவன் கேர்ட் ஹெக்டிக் என்ற துப்புரவுத் தொழிலாளி. உயரத்திலிருந்து குதித்தால் அவன் முதுகிலிருந்து நாடாக்கள் விரிந்து பாரசூட்டாகத் தாங்கும். நாடாக்கள் விரிந்தபோது கதிரையில் இருந்த பிள்ளையின் தோள்களும் தாமாக உயர்ந்தன. கீழே இறங்கியதும் எதிரி சுட்டுவிட்டான். “மாமா, எனக்குப் பட்டுவிட்டது” என்றான் மருமகன். ‘அவனுக்கு’ என்று அவன் சொல்லவில்லை. விளையாடுகிறவர் வாயில் வருவது தன்மை. அதற்குப் படர்க்கை என்று எப்படிப் பெயர் வைப்பது?

ஆகவே நபரை விட்டுவிட்டு, கண் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். இங்கே கண் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. இந்த விளையாட்டின் நகைச்சுவையே அதில்தான் தங்கியிருக்கிறது. ‘உலகின் மிகச் சுவாரசியமான குண்டு’ என்று ஒன்று உண்டு. அதை வைத்தால் எதிரிகள் செய்வதை விட்டுவிட்டு அதைச் சுற்றிக் கூடி வேடிக்கை பார்ப்பார்கள், பிறகு வெடிக்கும். ஒதுங்கி நிற்கும் நம் முதுகும் அங்கே கூடும் கூட்டமும் ஒரே காட்சியில் தெரிவதால்தான் சிரிப்பு வருகிறது.

கேர்டின் தலைக்கவசத்தோடு இணைந்த தொலைநோக்குத் துப்பாக்கியை எடுத்தால் காட்சி அவன் கண்ணுக்கு மாறும். அப்போது திரையின் மேற்பகுதியில் சிறு சாளரங்கள் தோன்றி, சுட்ட துப்பாக்கி ரவைகளின் பின்னாலேயே ஓடும். அது எந்த இடம்? தன்மையா, படர்க்கையா? மூவிடப் பாகுபாட்டில் இதற்கு விடை கிடைக்காது. கண் இருக்கும் இடத்தால் பெயரிட்டால் முதுகுநோக்கு, கண்ணோக்கு, ரவைநோக்கு என்று மூன்றும் ஒரே அச்சில் வந்துவிடுகின்றன. ‘பின்னோக்கு’ சுருக்கமானதுதான், ஆனால் பின்னோக்கிப் பார்த்தல் என்றால் திரும்பிப் பார்ப்பது. இங்கே கேர்டும் நாமும் பார்ப்பது முன்னால்.

அடுத்தது ‘ஷூட்டர்’. ‘சூட்டு விளையாட்டு’ வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சம்மாந்துறையிலும் படுவான்கரையிலும் சூடு என்றால் அறுத்த நெற்கதிரைக் குவித்துவைத்த போர். அதை அடிப்பது சூடடித்தல். வேளாண்மை செய்கிறவர் வீட்டுப் பிள்ளைக்குச் சூடடிக்கும் களமான களவெட்டிதான் முதலில் நினைவுக்கு வரும். இன்னொரு காரணமும் உண்டு. ‘சூடு பட்டது’ என்ற செய்தியை இந்த மண்ணில் எத்தனை வீடுகள் கேட்டிருக்கின்றன! பிள்ளைகளின் விளையாட்டுக்கு அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘சுடாட்டம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வேகமாகச் சொன்னால் சூதாட்டம் என்றே காதில் விழுகிறது. ‘சுடும் ஆட்டம்’ என்று பிரித்தே எழுதுவோம். வினை வெளிப்படையாக நிற்கட்டும்.

என் முன்மொழிவு: முதுகுநோக்குச் சுடும் ஆட்டம். நீளம் என்பவர்கள் ‘முதுகுநோக்கு ஆட்டம்’ என்று சுருக்கலாம். சுடாமல் ஓடித் தாவும் விளையாட்டுகளுக்கும் அது பொருந்தும். கல்முனை ஆசிரியை படர்க்கையைக் கைவிட ஏன் தயங்குகிறார் என்று அறிய விரும்புகிறேன். அவருடைய பதிலைப் பார்த்த பிறகே சொற்பட்டியலில் சேர்ப்பேன்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து