ரிகோஸ் மலைக் காற்றாலைகளால் உள்ளூருக்கு என்ன கிடைக்கிறது?

அபர்டேர்_செவிலி:
வணக்கம். மருத்துவமனை வேலைக்காகத் தெற்கு வேல்ஸில் அபர்டேருக்குக் குடிவந்திருக்கிறோம். ட்ரிஹெர்பர்ட் பக்கமிருந்து ரிகோஸ் மலைப்பாதையில் வந்தால் மேடெல்லாம் காற்றாலைகள். வார்டில் முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவர், அது சுற்றுவதெல்லாம் ஸ்வீடனுக்குத்தான் என்று முகத்தைச் சுளிக்கிறார். நிஜமா? இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் கரண்ட் பில் ஏன் குறையவில்லை? பையன் இந்த வருடம் ஜிசிஎஸ்இ (16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) முடிக்கிறான், இந்தத் துறையில் வேலை கிடைக்குமா?

விசிறிக்காரன்:
பெரியவர் சொன்னது சரிதான் அக்கா. அதன் பெயர் பென் அ கமோய்த். 76 டர்பைன், 228 மெகாவாட், 2017-இல் திறந்தார்கள். நடத்தும் வாட்டன்ஃபால் முழுக்க ஸ்வீடன் அரசின் கம்பெனி. நிலம் வேல்ஸ் அரசின் காடு.

பில்லுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மின்சாரம் நேரே கிரிட்டுக்கு, அதாவது நாட்டின் பொது மின்கட்டமைப்புக்குப் போய்விடும், அடிவாரத்தில் இருக்கிறோம் என்று தள்ளுபடி கிடைக்காது. சந்தை விலையைப் பெரும்பாலும் எரிவாயு மின்நிலையங்கள்தான் தீர்மானிக்கின்றன.

வேலை விஷயம். நான் வேறொரு காற்றாலையில் பராமரிப்பில் இருக்கிறேன், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். கட்டும்போது லாரி, கிரேன், கான்கிரீட் என்று ஊரே பரபரக்கும். கட்டி முடித்ததும் சில வேன் ஆட்கள் போதும். 1920-இல் தெற்கு வேல்ஸ் சுரங்கங்களில் 2,70,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். போன வேலையெல்லாம் காற்றாலையில் திரும்பி வரும் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

ஆனால் உங்கள் பையன் ஒருவனுக்கு வழி உண்டு. பட்டம் வேண்டாம். எலக்ட்ரிக்கல் அல்லது மெக்கானிக்கல் அப்ரெண்டிஸ்ஷிப், அப்புறம் உயரத்தில் வேலை செய்யவும், அடிபட்டவரைக் கயிற்றில் இறக்கவும் பயிற்சி. காற்று பலமாக அடித்தால் ஏற விடமாட்டார்கள், அதனால் பெரிய சர்வீஸ் எல்லாம் கோடையில்தான். குளிர்காலத்தில் வேனுக்குள் உட்கார்ந்து டீ குடித்தே ஷிப்ட் முடிந்த நாளும் உண்டு.

ரொந்தா_ராசா:
அண்ணே, அந்தக் காற்றாலை ஊர்களுக்குக் கொடுக்கும் சமூக நிதியை விட்டுவிட்டீர்களே! வருடத்துக்கு 18 லட்சம் பவுண்டு, விலைவாசிக்கு ஏற்ப ஏறும், 2043 வரை வரும். நீத், அவான், ரொந்தா, கனன் பள்ளத்தாக்குகளின் மேற்பகுதி ஊர்களுக்கு. கிளப், சமூகக் கூடம், சின்ன வியாபாரம் எல்லாம் கேட்கலாம். சுரங்க முதலாளிகள் இப்படிக் கொடுத்தார்களா?

விசிறிக்காரன்:
நல்ல பணம்தான் தம்பி, வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பங்கு வைத்திருப்பது வேறு, மனுப் போட்டு வாங்குவது வேறு. அதே ரிகோஸ் பாதையில் டவர் நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தைப் பார்த்திருப்பாய், இப்போது ஜிப் லைன் ஓடுகிறதே. 1994-இல் லாபமில்லை என்று அதை மூடினார்கள். 239 தொழிலாளர்கள் வேலை போனதற்குக் கிடைத்த பணத்தில் ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டு விலைக்கு வாங்கி, 1995 ஜனவரியில் திறந்து, 2008 வரை நடத்தினார்கள். அவர்களின் தொழிற்சங்கச் செயலாளர் டைரோன் ஓ'சல்லிவன் முன்னின்றார். அப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கு மலைக் காற்றில் ஒரு சின்னப் பங்காவது விற்றிருக்கலாமே? 2024-இல்தான் வேல்ஸ் அரசு 'ட்ரிடன் க்விர்த் கம்ரி' என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கியது, அரசுக் காட்டு நிலங்களில் தானே காற்றாலை போட. தாமதம்தான், ஆனாலும் சரியான வழி.

அபர்டேர்_செவிலி:
நன்றி தம்பி. ஒரு சிக்கல், என் பையன் ஏணியில் நாலு படி ஏறினாலே நடுங்குவான்.

விசிறிக்காரன்:
அப்படியானால் கோபுரத்தை விடுங்கள். பென் அ கமோய்த்திலேயே 22 மெகாவாட் பேட்டரி நிலையம் இருக்கிறது, பிஎம்டபிள்யூ ஐ3 காரில் வரும் அதே ரகப் பேட்டரிகள். அதுவும் துணைமின் நிலையமும் தரையில்தான். கல்லூரியில் எலக்ட்ரிக்கல் எடுக்கச் சொல்லுங்கள். கணக்கில் மட்டும் மதிப்பெண் குறையாமல் பார்த்துக்கொள்ளட்டும்.