செவ்வாயில் சுடுதண்ணி ஊற்று உண்டா? எப்படித் தேடுகிறார்கள்?

சுங்காய் டீச்சர்:
வணக்கம். சுங்காய் பக்கம் செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டுக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளைச் சுங்கை கிளா சுடுநீர் ஊற்றுக்கு அழைத்துப் போனோம். அங்கே முட்டை வெந்ததைப் பார்த்ததிலிருந்து ஒரு பையன் விடவே இல்லை. "டீச்சர், செவ்வாய்லயும் இப்படிச் சுடுதண்ணி வருமா? எரிமலை இருக்குன்னீங்களே?" ஒலிம்பஸ் மோன்ஸ் 20 கிலோமீட்டருக்கு மேல் உயரம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். நம் பேராக்கில் எரிமலையே இல்லை, தண்ணீர் கொதிக்கிறது. அங்கே அவ்வளவு பெரிய எரிமலை இருந்தும் ஏன் ஒன்றும் தென்படவில்லை? மேலிருந்து பார்த்தால் சூடு தெரியாதா? இந்த வயதில் இப்படிக் கேட்கிற பிள்ளைக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

ஈப்போ கல்லுளி:
டீச்சர், நம்ம ஊரில் மழைத்தண்ணீர் கிரானைட் பாறையின் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, மறுபடி பிளவு வழியாகவே மேலே வருகிறது. எரிமலை இல்லாவிட்டாலும் சூடும் தண்ணீரும் வழியும் இருந்தால் போதும். செவ்வாயில் இடிப்பது தண்ணீர்தான். சராசரி வெப்பம் உறைநிலைக்குக் கீழே 60 பாகை, காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. திரவமாகத் தண்ணீர் மேலே நிற்காது.

மேலிருந்து பார்க்கத்தான் செய்கிறார்கள். 2001இல் போன மார்ஸ் ஒடிசி விண்கலத்தில் தெமிஸ் என்ற அகச்சிவப்புக் கேமரா இருக்கிறது. இரவில் தரையின் சூட்டைப் படமெடுக்கும். ஆனால் இரவுப் படத்தில் வெளிச்சமாகத் தெரிவதெல்லாம் ஊற்று அல்ல. வெயிலில் காய்ந்த தார்ச்சாலை ராத்திரியிலும் சுடுகிற மாதிரி, பாறை பகல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், தூசி உடனே ஆறிவிடும். அதைக் கழித்துப் பார்த்தால் உள்ளிருந்து வரும் சூடு என்று சொல்ல எந்த இடமும் அகப்படவில்லை. படத்தின் ஒரு புள்ளி தரையில் 100 மீட்டர் அகலம் என்பதால், சின்ன ஊற்று இருந்தாலும் அதற்குள் கரைந்துவிடும்.

சுங்காய் டீச்சர்:
அப்படியென்றால் "இல்லை" என்று சொல்லிவிடலாமா?

பத்துகாஜா வாசகி:
வேண்டாம் டீச்சர்! பழைய ஊற்றின் தடத்தைச் சொல்லுங்கள். செவ்வாயில் ஓடிய ஸ்பிரிட் ஊர்தியின் முன்சக்கரம் ஒன்று சுழலாமல் போய், அதை இழுத்துக்கொண்டே ஓடியது. 2007இல் குசேவ் பள்ளத்தில் அந்தச் சக்கரம் கிளறிய மண் வெள்ளையாக இருந்தது, கிட்டத்தட்ட 90 விழுக்காடு சிலிக்கா, அதாவது மணலிலும் கண்ணாடியிலும் இருக்கிற பொருள். சுடுதண்ணியோ எரிமலை ஆவியோ பாறையைக் கரைத்தால்தான் அப்படிச் சேரும். சிலி நாட்டு எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகளிலும் அதே போன்ற சிலிக்கா முடிச்சுகள் வளர்கின்றன. எனக்கு இந்தத் தேடலில் இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு வேறில்லை.

ஈப்போ கல்லுளி:
உண்மைதான். இன்னொன்றும் உண்டு. 2018இல் செவ்வாயில் இறங்கிய இன்சைட் விண்கலம், தரைக்குள் 5 மீட்டர் வெப்பமானி இறக்கப் பார்த்தது. மண் பிடிகொடுக்கவில்லை, 2021இல் கைவிட்டார்கள். ஆனால் அதன் நிலநடுக்கமானி செர்பரஸ் ஃபோசே பிளவுகளிலிருந்து அதிர்வுகளைப் பிடித்தது. அங்கேயே சுமார் 53,000 ஆண்டு வயது மதிக்கப்படும் எரிமலைப் படிவும் இருக்கிறது, செவ்வாய்க்கு அது நேற்று மாதிரி. அடுத்த வெப்பமானி அங்கேதான் இறங்க வேண்டும் என்பேன். ஜேமார்ஸ் என்ற இலவச மென்பொருளில் தெமிஸ் இரவுப் படங்கள் கிடைக்கும். பையனை அந்தப் பிளவுகளிலிருந்தே தேட விடுங்கள்.